சளிப் பிள்ளைக்கு நெய் கொடுக்கலாமா?

ஓசூர் பஸ் நிலையத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரிந்திருக்கும். ஒரு பக்கம் ரோஜாப்பூக் கட்டுகளும் கொத்தமல்லி மூட்டைகளும் கிடக்கும். இன்னொரு பக்கம் சிப்காட் தொழிற்சாலைகளுக்குப் போகும் தொழிலாளிகள் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருப்பார்கள். தமிழில் ஆரம்பித்த பேச்சு தெலுங்கில் தொடர்ந்து கன்னடத்தில் முடியும். அந்தக் கூட்டத்தில், தோளில் குழந்தையைச் சாத்திக்கொண்டு, கையில் எக்ஸ்ரே கவரோடு பெங்களூர் பஸ்ஸுக்கோ வேலூர் பஸ்ஸுக்கோ நிற்கிற தாய்மாரும் உண்டு.

அப்படி ஒரு குழந்தையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். பேச்சுக்காக அவனுக்கு வயது ஐந்து என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் மூன்று வயதுதான் மதிக்கலாம். பிறந்ததிலிருந்தே இருமல். ஓசூர்ப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். கிருஷ்ணகிரியில் பாட்டி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். தொழிற்சாலைத் தூசி என்றார்கள், வீட்டை மாற்றினார்கள். பிள்ளை நன்றாகத்தான் சாப்பிடுகிறான், ஆனால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. அடிக்கடி வெளிக்குப் போகிறான். மலத்தில் எண்ணெய் மிதக்கிறது, நாற்றம் தாங்கவில்லை. முத்தம் கொடுத்தால் நெற்றி உப்புக் கரிக்கிறது.

இந்த நிலையில் வீட்டில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா? "தயிர் வேண்டாம்மா, சளி கட்டும்" என்பார் மாமியார். "சரி அத்தை" என்று மருமகள் தயிரை நிறுத்துவாள். அடுத்த வாரம் வாழைப்பழம் நிற்கும். பிறகு நெய், முட்டை, பால், வேர்க்கடலை என்று ஒவ்வொன்றாக நிற்கும். கடைசியில் பிள்ளைக்கு மிஞ்சுவது ரசம் சாதமும் இட்டிலியும்தான். எல்லாம் பிரியத்தினால் செய்வதுதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட நோயுள்ள குழந்தைக்கு, இந்தப் பத்தியம் நோயைக் காட்டிலும் கொடியது.

அந்த நோயின் பெயர் சிஸ்டிக் பைப்ரோஸிஸ். பெயர் வாயில் நுழையவில்லை என்றால் கவலையில்லை. நம் ஊர் டாக்டர்களில் பலரே ஆயுளில் ஒரு தடவைகூட இந்த நோயாளியைப் பார்த்திருக்க மாட்டார்கள். அத்தனை அபூர்வம். இந்திய வம்சத்துக் குழந்தைகளில் 10,000 பிறப்புக்கு ஒன்று என்று ஒரு கணக்கும், 40,000-க்கு ஒன்று என்று இன்னொரு கணக்கும் இருக்கின்றன. ஆகவே இருமுகிற பிள்ளையை வைத்திருக்கும் தாய்மார் எல்லோரும் இதைப் படித்துவிட்டுக் கலங்க வேண்டியதில்லை. இருமலோடு எடையும் ஏறாமல், மலமும் எண்ணெயாகப் போய், வியர்வையும் உப்புக் கரித்தால்தான் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

இது ஒட்டுவாரொட்டி அல்ல, பிறவியில் வருவது. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதுபட்ட ஒரே ஜீன் பிள்ளைக்கு வந்து சேர்ந்தால்தான் நோய். பெற்றவர்கள் கல்லுப்போல் ஆரோக்கியமாக இருப்பார்கள். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு இந்த நோய் வர வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே முடிச்சுப் போடும் குடும்பங்களில், ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு அதிகம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். உண்மையை மறைத்து என்ன பயன்?

பழுது எங்கே? உடம்பின் செல்களில் உப்பை உள்ளே வெளியே விடுகிற ஒரு கதவு இருக்கிறது. அது சரியாகத் திறப்பதில்லை. அதனால் நுரையீரலில் தண்ணீர்போல் இருக்க வேண்டிய கசிவு பசைபோல் கெட்டியாகி, மூச்சுக் குழாய்களை அடைத்துக் கிருமிகளுக்கு வீடாகிறது. வயிற்றிலும் அதே கதைதான். கணையத்திலிருந்து ஜீரண நீர் வருகிற குழாய் அடைபட்டுப் போகிறது. ஜீரண நீர் இல்லாவிட்டால் கொழுப்பும் புரதமும் எப்படி உடம்பில் சேரும்? வந்த வழியே போய்விடுகின்றன. கொழுப்போடு சேர்ந்து கரைகிற ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கூடவே கழிந்துவிடும்.

1938-ல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்ஸன் என்ற பெண் டாக்டர், மெலிந்து இறந்த குழந்தைகளின் கணையத்தைச் சோதித்து, இது தனி நோய் என்று முதலில் விரிவாக எழுதினார். பத்து வருஷம் கழித்து, 1948-ல், அதே நகரத்தில் கடும் வெயில் அடித்தது. வெயிலில் சுருண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் இந்த நோய்க்காரர்கள் அதிகமாக இருந்தார்கள். ஏன் என்று தேடிப்போன பால் டி ஸான்ட் ஆக்னீஸ் என்ற டாக்டர், 1953-ல், இவர்கள் வியர்வையில் உப்பு அளவுக்கு மீறிப் போகிறது என்று கண்டுபிடித்தார். இன்றைக்கும் நோயை நிச்சயிப்பது வியர்வைப் பரீட்சைதான். முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை பிழைக்காது என்று ஐரோப்பியக் கிராமத்துப் பாட்டிகள் எத்தனையோ காலமாகச் சொல்லி வந்தார்களாம்! பழுதான ஜீன் இன்னது என்று தெரிந்தது 1989-ல்.

இது வெள்ளைக்காரர்களின் நோய், நம் நாட்டில் கிடையாது என்று வெகு காலம் நினைத்திருந்தார்கள். 1968-ல் நம் குழந்தைகளுக்கும் இருப்பதாக இந்திய வைத்தியப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதற்குப் பிறகும் பரீட்சை செய்யும் கருவி விலை அதிகம் என்பதால் அநேகம் குழந்தைகள் க்ஷயரோகம் என்றும் ஆஸ்துமா என்றும் பெயர் சூட்டப்பட்டு, அதற்கான மருந்தைச் சாப்பிட்டு, பயனின்றிப் போனார்கள். டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்து டாக்டர்கள் உள்நாட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வியர்வைப் பரீட்சை முறை ஒன்றை 2002-ல் வெளியிட்டார்கள். தெற்கே நம் பக்கத்துக்கு வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே குழந்தைகளின் சுவாச வியாதிப் பிரிவில் இந்த நோய்க்கென்றே பரிசோதனையும் தொடர்ந்த கவனிப்பும் உண்டு. ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். வேலூர் 150 கிலோமீட்டருக்கு மேல். இருந்தும் வேலூர் பஸ்ஸுக்கு ஆள் நிற்பது இதனால்தான்.

இனி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். நெய் கொடுக்கலாமா?

இதே கேள்வியைப் பெரிய டாக்டர்களே வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொழுப்பு ஜீரணமாகவில்லை, எண்ணெயாய்க் கழிகிறது. ஆகையால் கொழுப்பைக் குறை என்பதே அன்றைய வைத்திய சாஸ்திரம். நம் வீட்டு அத்தையின் நியாயமும் ஏறக்குறைய அதுதானே? கனடாவில் டொராண்டோ நகரத்து ஆஸ்பத்திரியில் டக்ளஸ் குரோஸியர் என்ற டாக்டர் 1970-களின் ஆரம்பத்தில் இதைத் தலைகீழாக்கினார். வெண்ணெய், பால், முட்டை, மாமிசம் எல்லாவற்றையும் பிள்ளைகள் ஆசை தீரச் சாப்பிடட்டும். ஜீரணமாவதற்குக் கணைய மருந்தை வேண்டிய மட்டும் கூட்டிக் கொடுப்போம் என்றார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்திலோ, பழைய வழக்கப்படி கொழுப்பைக் குறைத்தே கொடுத்து வந்தார்கள். மற்றச் சிகிச்சையில் இரண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

1988-ல் இரண்டு நகரங்களின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு பக்கமும் சுமார் 500 நோயாளிகள். டொராண்டோப் பிள்ளைகள் உயரமாக வளர்ந்திருந்தார்கள். பாஸ்டனில் பாதிப் பேர் 21 வயதைத் தாண்டவில்லை. டொராண்டோவிலோ அந்த எல்லை 30! ஒன்பது வருஷ ஆயுள்! அந்தச் சமயத்தில் இந்த நோய்க்குப் புதிய மருந்து எதுவும் வந்துவிடவில்லை. அதன் பிறகு உலகம் பூராவும் கொழுப்புப் பத்தியத்தைக் கைவிட்டார்கள். ஆகவே நெய் கொடுக்கலாம்; கொடுத்தே தீர வேண்டும். கூடவே கணைய மருந்தும் வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

சாப்பாட்டுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் தசையில் இருக்கிறது. நுரையீரல் தானாக விரிவதில்லை; அது வெறும் பை. துருத்தியை ஊதுகிற கை வேறு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் விரிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசையும், விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகளும்தான் அந்தக் கை. நமக்கெல்லாம் மூச்சு விடுவது ஒரு வேலையாகவே தெரிவதில்லை. பசைச் சளி அடைத்த குழாய் வழியே காற்றை இழுக்க வேண்டிய குழந்தைக்கோ, அது இரவு பகல் ஓயாத கூலி வேலை. தூங்கும்போதும் ஷிப்டு உண்டு! போதாக்குறைக்குக் கிருமிகளோடு நடக்கும் சண்டையில் உடம்பு தன் தசையைத் தானே கரைத்துச் செலவழிக்கிறது.

இந்தச் செலவுக்கு வரவு இல்லாவிட்டால் என்ன ஆகும்? கைகால் மெலிவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே உதரவிதானமும் கூடவே மெலிவது தெரியாது. எடை குறைந்து இறந்தவர்களின் உதரவிதானமும் தசை குறைந்தே இருந்தது என்று 1982-ல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று காட்டியது. அது மெலிந்தால் ஆழ்ந்து மூச்சு இழுக்க முடியாது. வயிற்றுத் தசை மெலிந்தால் ஓங்கி இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. தேங்கிய சளியில் மறுபடி கிருமி, மறுபடி காய்ச்சல், பசி போய்விடும், இன்னும் மெலிவு. செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருகிற இந்தச் சங்கடத்தை எந்த இடத்திலாவது அறுக்க வேண்டும். ஏழையானாலும் பணக்காரனானாலும், பெற்றவளின் கைக்கு எட்டுகிற இடம் சாப்பாட்டுத் தட்டுதான்.

எவ்வளவு சாப்பிட வேண்டும்? 2016-ல் ஐரோப்பிய டாக்டர்கள் வகுத்த முறைப்படி, அதே வயதுப் பிள்ளையைப் போல் 110 முதல் 200 சதவிகிதம் வரை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு நம் நாட்டு நிபுணர்கள் சொல்லும் அளவு சுமார் 1,360 கலோரி. அதையே ஒன்றரை மடங்காக்கினால் 2,000-ஐத் தாண்டும். இத்தனூண்டு வயிற்றில் அதை எப்படி அடைப்பது? இங்கேதான் கொழுப்பின் அருமை தெரிகிறது. அரிசியிலும் பருப்பிலும் உள்ள மாவுச் சத்தோ புரதமோ ஒரு கிராமுக்கு 4 கலோரி தரும். கொழுப்பு 9 தரும். ஒரு டீஸ்பூன் நெய்யில் 40-க்கு மேல் கலோரி இருக்கிறது. சோற்றின் அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்ட இதைவிடச் சுலபமான வழி இல்லை.

நம் ஜில்லாவின் சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் கேழ்வரகு அதிகமாக விளையும் இடங்களில் கிருஷ்ணகிரி முன்னணியில் நிற்கிறது. இங்கே களி என்பார்கள். எல்லை தாண்டினால் முத்தே. கேழ்வரகு மாவு 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்ஷியம் இருப்பதால் எலும்புக்கு மிக நல்லது. ஆனால் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். களியில் பாதிக்கு மேல் தண்ணீர். பெரியவர்களுக்கு அது தாங்கும். இந்தப் பிள்ளைக்கோ வயிறு நிறைந்துவிடும், கணக்கு நிறையாது. களியைச் சிறிதாக உருட்டி, நடுவில் குழி செய்து நெய்யை ஊற்றி, கீரை நீர்ச்சாற்றுக்குப் பதில் கெட்டிப் பருப்போ கோழிக் குழம்போ ஊற்றிக் கொடுத்தால் அதே களி மருந்தாகிவிடும். கேழ்வரகுக் கஞ்சியைத் தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்சலாம். வேர்க்கடலையை வறுத்துப் பொடித்து வெல்லம் சேர்த்து உருண்டை பிடிக்கலாம். 100 கிராம் கடலையில் 25 கிராம் புரதமும் 40 கிராமுக்கு மேல் கொழுப்பும் இருக்கின்றன. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். கொழுப்பு விறகு என்றால் புரதம் செங்கல். விறகு இல்லாவிட்டால் உடம்பு செங்கலையே எடுத்து எரித்துவிடும். ஆகவே இரண்டும் சேர்ந்துதான் தசை வளரும். இரண்டாயிரம் ரூபாய் டப்பாவில் வருகிற பௌடரைப் பார்த்து மயங்காதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் வாங்குங்கள். கடைக்காரர் சொன்னால் கடலை வாங்குங்கள்.

கணைய மருந்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பன்றியின் கணையத்திலிருந்து தயாரிக்கும் என்ஸைம் மருந்து இது. சைவக் குடும்பத்தாரும் முஸ்லிம் குடும்பத்தாரும் முதலில் தயங்குவது இயற்கை. டாக்டரிடம் மனம்விட்டுப் பேசி முடிவு செய்துகொள்ளலாம். கொழுப்பும் புரதமும் உள்ள ஒவ்வொரு சாப்பாட்டோடும், சிற்றுண்டியோடும் இதைக் கொடுக்க வேண்டும். கேப்ஸ்யூலை விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு உள்ளே உள்ள மணிகளைப் புளிப்புள்ள பழக்கூழில் தூவிக் கொடுப்பார்கள். மேல்நாட்டில் இதற்கு ஆப்பிள் கூழ். மாங்கூழ் தொழிற்சாலைகள் நிறைந்த கிருஷ்ணகிரிக்காரர்கள், மாங்கூழ் ஆகுமா என்று தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம். மணிகளைக் கடிக்கவோ சுடு சோற்றில் பிசையவோ கூடாது. நுரையீரல் மாத்திரம் கெட்டு, கணையம் நன்றாக இருக்கிற வேறு அபூர்வ வியாதிகளும் உண்டு. அந்தக் குழந்தைகளுக்கு என்ஸைம் தேவையில்லை; ஆனால் மூச்சுக்காக ஆகும் செலவும், தசைக்கு வேண்டிய ஆகாரமும் அங்கேயும் இதே நியாயம்தான். அவர்களில் ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்குத் தசை இன்னும் வேகமாகக் கரையும்.

உப்பு விஷயம் நம் நாட்டுக்கே உரியது. நியூயார்க்கில் ஒரு கோடையில் வந்த ஆபத்து, பங்குனி, சித்திரையில் நமக்கு வருஷந்தோறும் வரும். வியர்வையில் உப்பெல்லாம் போய், கைக்குழந்தை துவண்டு, வாந்தியெடுத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். பிள்ளைக்கு உப்பைக் குறை என்று பொதுவாகச் சொல்கிற நல்ல புத்தி இங்கே செல்லாது. இவர்களுக்கு உப்பைக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லுவார். மோரில், கஞ்சியில், மாங்காய்க் கீற்றில் உப்பு நிறையப் போட்டுக் கொடுக்கலாம். வெயிலில் பஸ் பிரயாணம் என்றால் உப்புக் கரைசல் பொட்டலம் பையில் இருக்கட்டும்.

எடை ஏறியதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அதே வயது, அதே உயரமுள்ள நூறு பிள்ளைகளை எடைப்படி வரிசையில் நிறுத்தினால் நம் பிள்ளை நடுவிலாவது நிற்க வேண்டும் என்பது டாக்டர்களின் குறி. ஆனால் தராசுக்குக் கொழுப்பும் ஒன்றுதான், தசையும் ஒன்றுதான். எடை சரியாக இருந்தும் தசை குறைவாக உள்ள பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய மூச்சுப் பலமும் குறைவாகவே இருக்கிறது. தின்றதைத் தசையாக்குவது ஓட்டமும் ஆட்டமும்தான். 1992-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், உடற்பயிற்சிச் சக்தி அதிகமாக இருந்த நோயாளிகளில் 83 சதவிகிதம் பேர் எட்டு வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். சக்தி மிகக் குறைந்தவர்களில் 28 சதவிகிதமே. பிறகு 2000-ல் டொராண்டோக்காரர்கள், வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 20 நிமிஷம் வீட்டிலேயே பயிற்சி செய்த பிள்ளைகளின் நுரையீரல் மெதுவாகவே நலிந்தது என்று காட்டினார்கள். சைக்கிள், கயிறு தாண்டல், நீச்சல், கபடி எதுவானாலும் சரி. காய்ச்சல் நாளில் மட்டும் ஓய்வு.

பழுதான கதவையே திறந்துவிடுகிற புது மருந்துக்கு 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அங்கே அதைச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு இப்போது உடம்பு பெருத்துவிடக் கூடாதே என்ற கவலையாம்! நமக்கு அந்தக் கவலை வர நாளாகும். வருஷத்துக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் விலை போட்டார்கள். அதோடு, மேல்நாட்டில் மிகுதியாக உள்ள ஒரு வகை ஜீன் பழுதுக்குத்தான் அது முக்கியமாகப் பொருந்தும்; இந்தியக் குழந்தைகளில் அந்தப் பழுது அவ்வளவு அதிகமில்லை, வகைகள் பல. மத்திய சர்க்கார் 2021-ல் வெளியிட்ட அபூர்வ நோய்க் கொள்கையில் இந்த நோயின் பெயரும் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் கேந்திரங்களில் ஒன்று பெங்களூரில் இருப்பதால் ஓசூர்க்காரர்கள் விசாரித்து வைப்பது நல்லது.

வியர்வைப் பரீட்சைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஊசி கிடையாது. கையில் மருந்து தடவி, இலேசான மின்சாரம் செலுத்தி வியர்க்க வைத்து, அரை மணி நேரம் அந்த வியர்வையைச் சேகரித்து, அதில் உள்ள குளோரைடை அளப்பார்கள். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் என்று கொள்வார்கள்.

நோய் என்று தெரிந்தபின் தாயார் செய்ய வேண்டிய இன்னொரு காரியம், பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவை ஒரு தடவை போய்ப் பார்ப்பது. மத்தியானச் சத்துணவில் முட்டை போடுகிறார்கள். அதைச் சாப்பிடும்போது மருந்தும் சேர்ந்து உள்ளே போக வேண்டும். வெளிக்குப் போக வேண்டும் என்று கேட்டால் உடனே விட வேண்டும். இருமினால் தனி பெஞ்சில் உட்கார்த்தி வைக்க வேண்டியதில்லை, அது யாருக்கும் ஒட்டாது. விளையாட்டு மணியில், "நீ நோயாளிப் பிள்ளை, மரத்தடியில் உட்கார்" என்று சொல்லாமல் இருந்தால் போதும். ஓட்டத்தில் கடைசியாக வந்தாலும் வரட்டும், ஓட விடுங்கள். வியர்த்து விறுவிறுத்து வந்தால் உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர் கொடுங்கள்.